அனுமதிக்கப்பட்ட ஒரே எதிரி

தையல்காரர் தன் வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்தவரில்லை. யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் இல்லை. பேச்சு முற்றுகிற மாதிரி தெரிந்தால் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு விடுவார். வாயில் ஊசி இருக்கிறவனோடு யார் சண்டை போடுவார்கள்? அப்படிப்பட்டவர், தன் தாத்தா பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு போரில் தோற்று ஓடினார் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அது நடந்த விதம் இதுதான்.

தேசிய வெற்றிச் சித்திர வாரியம் என்று ஒன்று இருந்தது. வாசலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே ஒரு நீண்ட நடை, நடை முழுக்கக் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பித்தளைப் பலகை. நாடு வென்ற போர்களையெல்லாம் பெரிய பெரிய படங்களாக வரையச் சொல்லிச் சுவரில் மாட்டுவது வாரியத்தின் வேலை. வென்ற போர்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. வாரியத்தை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. உடனே வாரியம் மற்ற போர்களைக் கையில் எடுத்துக்கொண்டது.

ஆற்றங்கரைப் போர் அந்த மற்ற போர்களில் ஒன்று. பழைய குறிப்புகளின்படி, நம் படை இக்கரையில் வந்து நின்றது, அவர்கள் படை அக்கரையில் வந்து நின்றது. நடுவில் வெள்ளம். மழை விடவில்லை. இரண்டு தரப்பும் தொண்டை கட்டும் வரை ஒருவரையொருவர் திட்டிவிட்டு வீடு திரும்பின. உயிர்ச்சேதம் என்று பார்த்தால் காய்ச்சலில் போனவர்கள்தான்.

இதைப் பற்றி வாரியத் தலைவர் கூட்டத்தில் பேசினார். அவர் முன்பு உப்புக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். அங்கே உப்பு இல்லாமல் போனதும் வரலாற்றுக்கு மாற்றப்பட்டார்.

"நம்ம முன்னோர்கள் அந்தப் போர்ல கட்டாயம் ஜெயிச்சிருப்பாங்க. மழை வந்து கெடுத்துடுச்சு. அந்தக் காலத்துல நம்மகிட்ட நல்ல ஓவியரும் இல்லை. இப்ப ஓவியர் இருக்கார். மழை வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். இனிமே ஜெயிக்கிறதுக்கு என்ன தடை?"

எல்லோரும் கைதட்டினார்கள். படம் தொடங்கியது.

ஓவியர் சாந்தமான மனிதர். குதிரை நன்றாக வரைவார் என்பதற்காகப் பிடித்து வந்திருந்தார்கள். நம் தரப்பு வீரர்களுக்கு முகம் தேவைப்பட்டபோது வாரிய உறுப்பினர்களின் மாப்பிள்ளைகளும் மச்சினர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். வெள்ளைக் குதிரையில் வரும் படைத்தலைவருக்கு யார் முகம் என்ற கேள்வி வந்தது. தலைவர் அடக்கத்தினால் முதலில் மறுத்தார். வற்புறுத்த யாரும் முன்வராததால் தன்னைத்தானே வற்புறுத்திக்கொண்டு சம்மதித்தார். இவ்வளவு பேருக்கும் பழைய காலத்து ராணுவ உடை தைத்துக் கொடுக்கும் வேலைதான் தையல்காரருக்குக் கிடைத்தது. கடைத்தெருவின் கோடியில் ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய யோகம் போலத்தான் இருந்தது.

படத்தில் எதிரி கிடையாது என்பது முதலில் எடுத்த முடிவு. தேசத்தின் சுவரில் எதிரிக்கு எதற்கு இடம் என்று தலைவர் கேட்டார். அதனால் நம் படை முழுவதும் வாளை ஓங்கிக்கொண்டு ஒரு காலி மணல்திட்டை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அமைச்சர் பார்வையிட வந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவங்கள்லாம் யாரைத் துரத்துறாங்க?"

"எதிரியைத்தாங்க," என்றார் தலைவர்.

"எங்க அவன்?"

"ஓடிப் படச் சட்டத்துக்கு வெளியே போயிட்டான்."

அமைச்சர் தலையை ஆட்டினார். "சட்டத்துக்குள்ள ஒருத்தனாவது இருக்கணும். இல்லைன்னா நாமதான் எதுக்கோ பயந்து ஓடுற மாதிரி இருக்கு."

ஆக, ஒரே ஓர் எதிரிக்கு அனுமதி வந்தது. அவனுக்கான பழுப்பு நிறக் கோட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு தையல்காரர் படக்கூடத்துக்குப் போனபோது, அதைப் போட்டுக்கொண்டு நிற்க ஆள் இல்லாமல் ஓவியர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பியூனைக் கேட்டதற்குத் தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றாராம். காவல்காரர் எதிரி வேஷம் போடுவதற்குப் பதில் வேலையையே விட்டுவிடுவேன் என்றாராம்.

"அண்ணே, நீங்களே ஒரு நிமிஷம் போட்டு நில்லுங்களேன். மடிப்பு எப்படி விழுதுன்னு பார்த்துக்கிறேன்," என்றார் ஓவியர்.

"நானா? என் மூஞ்சியைப் பார்த்தா சண்டைக்கு வந்தவன் மாதிரியா இருக்கு தம்பி?"

"முகம் அப்புறம் வேற யாரோடதாவது வச்சுக்கலாம். கோட்டுக்கு மட்டும்தான்."

தையல்காரர் கோட்டை மாட்டிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கச் சொன்னார் ஓவியர். தூக்கினார். ஓடுகிற மாதிரி முன்னால் சாயச் சொன்னார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திரும்பிப் பார்க்கச் சொன்னார். திரும்பினார். சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு தலைவர் உள்ளே வந்தார். அவருடைய படைத்தலைவர் கோட்டுக்குக் கழுத்துப்பட்டி இன்னும் வைத்தாகவில்லை. இன்றைக்குத் தருகிறேன் நாளைக்குத் தருகிறேன் என்று தையல்காரர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் காலில் நின்ற நிலையில் அவருக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கண் பிதுங்கி, வாய் பிளந்து, முகம் வெளிறிப்போயிற்று.

தலைவர் அப்படியே நின்றுவிட்டார். "இதுதான் எதிரி. இந்த முகத்தை விட்டுடாதீங்க," என்றார் ஓவியரிடம்.

திட்டு விழவில்லை என்பதே தையல்காரருக்குப் பெரிதாக இருந்தது. "ரொம்ப நன்றிங்க," என்றார்.

படம் திறக்கப்பட்டது. ஒரு சுவர் முழுக்க இருந்தது. இடது பக்கம் அத்தனை குதிரைகளும் அத்தனை வாள்களும். வலது ஓரத்தில் தன்னந்தனியாகத் தையல்காரர். நாட்காட்டியில் அச்சடித்தார்கள். தீப்பெட்டியில் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் அட்டையில் வந்தது.

வீட்டில் ஆரம்பத்தில் கொண்டாட்டம்தான். அவர் மனைவி நாட்காட்டியைக் கூடத்தில் மாட்டிவைத்துத் தள்ளி நின்று பார்த்தாள்.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு. கல்யாண போட்டோவுலகூட இவ்வளவு நல்லா விழலை."

மகள் வெகுநேரம் பார்த்தாள். அவள் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை. சின்ன வகுப்புகளுக்கு வரலாறு எடுப்பாள். அந்த வேலை கிடைப்பதற்காக அவள் படித்த படிப்பும், படிக்க வைப்பதற்காக அவர் மிஷினை மிதித்த மிதியும் தெருவுக்கே தெரியும்.

"அப்பா, படத்துல இவ்வளவு பேர் இருக்காங்க. ஆனா எல்லாரும் உங்களை மட்டும்தான் பார்க்குறாங்க," என்றாள்.

"ராஜ பார்வைதான் போ," என்றார் தையல்காரர் சிரித்துக்கொண்டு.

பஸ்ஸில் கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "எதிரிக்கெல்லாம் டிக்கெட் கிடையாது," என்றபோது பஸ்ஸே சிரித்தது. தையல்காரரும் சிரித்தார். அடுத்த வாரம் அதே கண்டக்டர் அதையே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் இறங்கி நடந்தார்.

கடைக்கு ஒருவர் சட்டை தைக்க வந்தார். மார்பளவு எடுக்கக் கையைத் தூக்கி நின்றவர், தையல்காரரின் முகம் பக்கத்தில் வந்ததும் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். "அப்புறம் வரேன்," என்றார். முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போனார். ஏற்கெனவே கொடுத்த துணியைச் சிலர் திரும்பக் கேட்டார்கள். வெற்றி நாள் அன்று ஊர்வலம் கடை வழியாகப் போனது. யார் முதலில் கல்லை எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. வழக்கமாக அவரிடம் கால்சட்டைக்குக் கிழிசல் தைத்துக்கொள்கிறவர்கள்தான் எல்லோரும். கண்ணாடி நொறுங்கியது. ஊர்வலத்தின் கடைசியில் வந்த போலீஸ்காரர் சிதறிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து, "கூட்டத்தைத் தூண்டிவிடுற மாதிரி கடைக்குள்ள உட்கார்ந்திருந்தா இப்படித்தான் ஆகும்," என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் வெளியில் நடந்தது. வீட்டுக்குள் நடந்ததுதான் அவரை உலுக்கியது. ஒரு சாயங்காலம் மகள் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் தாள்களைக் கவிழ்த்தாள்.

"என்னம்மா மறைக்கிறே?"

"ஒண்ணுமில்லைப்பா."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அட்டைப்படத்தில் உள்ள எதிரியின் முகத்தில் தெரியும் குணங்களை எழுதுக என்பது கேள்வி. வாரியம் அனுப்பிய கேள்வி. பிள்ளைகள் உருட்டி உருட்டி அழகாக எழுதியிருந்தார்கள். கோழைத்தனம். வஞ்சகம். பேராசை. சோற்றுக்காக எதையும் செய்யும் குணம். ஒரு குழந்தை மட்டும், அவருக்கு வயிற்று வலி, என்று எழுதியிருந்தது.

"இதுக்கு மார்க் போடலையே நீ," என்றார் தையல்காரர் அந்தக் கடைசித் தாளைக் காட்டி.

"போட முடியாதுப்பா. விடைக் குறிப்புல அது இல்லை."

"மத்ததுக்கெல்லாம்?"

மகள் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். மற்றதற்கெல்லாம் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. அவள் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே அழகு.

மறுநாள் அவர் வாரியத்துக்குப் போனார். நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். போய்ப் போய் அந்தப் பெஞ்சு அவருக்குப் பழகிப்போன பிறகுதான் செயலாளர் கூப்பிட்டார். செயலாளர் மரியாதையான மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை, யாருக்கும் எதுவும் செய்து கொடுத்ததும் இல்லை.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது," என்றார் செயலாளர். "ஆனா நீங்க யாருன்னு வாரியத்துக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல இருக்கேனே சார்."

"அப்ப நீங்கதான் எதிரின்னு ஒத்துக்கிறீங்க."

"ஐயையோ, இல்லைங்க. நான் தையல்காரன்."

"தையல்காரர்னா படத்துல இருக்க மாட்டீங்களே. போர்ல தையல்காரர் கலந்துக்கிட்டதா எங்கயும் இல்லை."

தையல்காரர் யோசித்தார். இந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது, அந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. "முகத்தையாவது கொஞ்சம் மாத்தி வரையக் கூடாதுங்களா?"

செயலாளர் வருத்தப்பட்டார். "வரலாற்றை மாத்தச் சொல்றீங்களே. உங்களை மாதிரி ஒருத்தர் வந்து கேட்டாருன்னு மாத்திட்டா, அப்புறம் வரலாறு எதுக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யுங்க. மீசை வைங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

தையல்காரர் மீசை வைத்தார். அவருக்கு மீசை ஒழுங்காக வளராது; இருந்தாலும் வளர்ந்தவரை வளர்ந்தது. நாலைந்து பேர் துணி கொண்டுவந்தார்கள். பெருமூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில் வாரியத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஒரு நாவிதரையும் கூட்டி வந்திருந்தார்.

"யாரைக் கேட்டு மீசை வச்சீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் மூஞ்சிதானே சார்."

"உங்க மூஞ்சிதான். ஆனா அந்த முகம் இப்ப வாரியத்தோட சொத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரோட்டுல பார்த்தா அடையாளம் தெரிய வேண்டாமா? படிப்பு என்னத்துக்கு ஆகும்?"

கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து மழித்தார்கள். நாவிதர் நல்லவர். கன்னத்தையும் சேர்த்து இலவசமாக மழித்துவிட்டார்.

இப்படி எதிரியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது நிலைமை மாறியது. நிஜ எதிரி நாட்டோடு உறவு சுமுகமாகி, அதே ஆற்றின் மேல் பாலம் கட்ட ஒப்பந்தம் போட ஒரு தூதுக்குழு வந்தது. மரியாதைக்காக வாரியத்துக்கு அழைத்து வந்தார்கள். படத்தைப் பார்த்த தூதுக்குழுத் தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீரன் எந்தக் காலத்திலும் முதுகு காட்டியதில்லை, இதை வைத்துக்கொண்டு பாலத்தைப் பற்றிப் பேச முடியாது என்றார். வாரியம் கதிகலங்கிப்போயிற்று.

தலைவர் ஒருநாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். வெளியே வந்தபோது முகம் ஒளிவீசியது.

"ரெண்டு நாட்டோட மானத்தையும் ஒரே சட்டையில காப்பாத்திட்டேன்," என்று கூட்டத்தில் அறிவித்தார். "ஓடுறவன் கோட்டு நிறத்தை மாத்துங்க. பழுப்பு வேண்டாம். நம்ம நீலம் போடுங்க. அவங்க ஆளு ஓடினான்னு இனி யாரும் சொல்ல முடியாது. நம்ம வீரத்துக்கும் குறைவில்லை, வாளெல்லாம் ஓங்கினது ஓங்கினபடியே இருக்கும். வரலாறுங்கறது உண்மையைத் தேடுறது. நேத்து கிடைச்ச உண்மை பழுப்பு. இன்னைக்குக் கிடைச்சது நீலம்."

ஓவியர் பார்த்து வரைய நீலக் கோட்டு ஒன்று தைத்து வரும்படி தையல்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் மிஷின்மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதார். நம்ம கோட்டு. இனி எதிரி இல்லை. வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி நாட்காட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி மாட்டினாள். தான் தைத்ததிலேயே சிறந்த கோட்டாக அதைத் தைத்துக்கொண்டு அவர் படக்கூடத்துக்கு ஓடினார்.

ஓவியர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சந்தோஷப்படாதீங்க அண்ணே," என்றார்.

"ஏன் தம்பி? நான் இப்ப நம்ம ஆளுதானே?"

"அதுதான் பிரச்சினை. நேத்துவரைக்கும் நீங்க எதிரி. எதிரின்னா அவனுக்கும் ஒரு ஊரு இருக்கும், அவன் செத்தா அவனுக்கும் அழ ஆள் இருக்கும். இப்ப நீங்க நம்ம ஆளு. நம்ம ஆளு எதுக்கு ஓடுறான்? நம்ம படை எதுக்கு அவனைத் துரத்துது?"

"எதுக்கு?"

"போர்க்களத்துல இருந்து ஓடிப்போன துரோகியைத் தேசமே துரத்துதுன்னு கீழ எழுதப் போறாங்க."

தையல்காரர் கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "நீங்க வரைய மாட்டேன்னு சொல்லிப் பார்த்திருக்கலாமே தம்பி."

ஓவியர் தூரிகையைத் துணியில் துடைத்தார். "சொன்னேன். அப்ப துரோகிக்கு உன் முகத்தையே வச்சுக்கலாமான்னு கேட்டாங்க."

தையல்காரர் மடிப்பு சரியாகத் தெரியட்டும் என்று கோட்டின் தோளை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். நீலம் காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

துரோகியாவது எதிரியாவதைவிடச் செலவு பிடித்த காரியம். துரோகியின் பிள்ளைகள் வரலாறு சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பழைய விதி இருந்தது. பள்ளித் தலைமை ஆசிரியர் மகளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் அதைப் படித்துக் காட்டினார். வாரியம் விசாரித்து முடிவு சொல்லும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் தையல்காரர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நீ சொல்லிடும்மா," என்றார் மகளிடம்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க?"

"நான் உன் அப்பா இல்லைன்னு."

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "நல்லா இருக்கே. அப்ப நான் யாரு? என்னைப் பத்தி ஊரு என்ன பேசும்?"

"வாரியம் அந்த அளவுக்கெல்லாம் யோசிக்காது," என்றார் தையல்காரர்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் மகள். "போய் நியாயத்தைக் கேட்கப் போறேன். இது நடந்தே நூத்தம்பது வருஷம் இருக்கும். இதுகூடவா புரியாது அவங்களுக்கு?"

அவள் அப்படி நம்பியதுதான் அவரைப் பயமுறுத்தியது. வரலாறு படித்த பெண். ஆனால் அவள் படித்தது புத்தகத்தில். அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

விசாரணை படக்கூடத்திலேயே நடந்தது. தலைவர் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் அவரே வெள்ளைக் குதிரையில் பாய்ந்துகொண்டிருந்தார். செயலாளர் பக்கத்தில். தையல்காரரும் மனைவியும் ஓரமாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மகள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ஐயா, இந்தப் போர் எப்ப நடந்ததுன்னு உங்க புத்தகத்துலயே இருக்கு. எங்க அப்பாவுக்கு இன்னும் அறுபது வயசுகூட ஆகலை. அவர் எப்படி அதுல இருந்து ஓடியிருக்க முடியும்?"

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "வயசு ஒருத்தரோட சொந்த விஷயம்மா. அதுல வாரியம் தலையிடாது. முகம் பொது விஷயம். நாங்க முகத்தைப் பத்தி மட்டும்தான் பேசுறோம்."

"முகம் ஓவியர் வரைஞ்சது. கோட்டு அளவு பார்க்க நின்னாரு, அவ்வளவுதான்."

"துரத்தாதவன் எதுக்கும்மா ஓடுவான்?" என்றார் தலைவர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. செயலாளர் மட்டும் தலையாட்டினார். "நானும் இந்தப் போர்ல இருந்திருக்கேன். இதோ பாருங்க, குதிரையில. நான் ஓடினேனா? இல்லை. அதே வெயில், அதே மணல், அதே ஓவியர். எனக்குக் கிடைச்ச வாய்ப்புதான் அவருக்கும் கிடைச்சது. அவர் அந்தப் பக்கம் பார்த்து ஓடினாரு. சரி, கேள்வி ஒண்ணுதான். அந்த ஆளு உங்க அப்பாவா?"

"ஆமா. அவர்தான்..."

"சார்," என்றார் தையல்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். வாயில் ஊசி எதுவும் இல்லை.

"நான் ஓடினது நிஜம்தான் சார். பயந்துட்டேன். ஆனா இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. டீச்சராச்சே, என் நிலைமையைப் பார்த்து மனசு கேட்காம அப்பான்னு சொல்லுது. எனக்குப் பிள்ளைங்களே கிடையாது. எங்க வீட்டுக்காரியைக் கேளுங்க."

தலைவர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தலையை அசைத்தாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். வாரியம் ஆமாம் என்று வைத்துக்கொண்டது.

மகள் வாயைத் திறந்தாள். அவர் அவளைப் பார்த்தார். சின்ன வயதில் மிஷின் ஊசிப் பக்கம் விரலைக் கொண்டுபோனால் பார்க்கிற அதே பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"துரோகியா இருந்தாலும் உண்மையைச் சொன்னதுக்குப் பாராட்டுறேன்," என்றார் தலைவர்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தால், செயலாளர் பேனாவை மூடவில்லை. "சார், அப்படின்னா இந்தம்மாவுக்கு அப்பா இடம் காலியா இருக்கு. காலியா விட்டா நாளைக்குத் தணிக்கையில கேட்பாங்க."

தலைவர் தயாள குணம் படைத்தவர். அண்ணாந்து படத்தைப் பார்த்தார். "நம்ம வீரர்கள்ல ஒருத்தரைக் கொடுத்துடலாம்."

முன்வரிசையில் இருந்தவர் அவருடைய மாப்பிள்ளை. அவர் வீட்டில் ஆட்சேபிப்பார்கள். அடுத்தவர் நிதி உறுப்பினரின் மச்சினர், கல்யாணமாகாதவர். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் பின்வரிசையில் கொடி பிடித்திருக்கும் வீரரிடம் வந்து நின்றார்கள். காற்றில் கொடி விரிந்து அவருடைய முகத்தை முழுக்க மறைத்திருந்தது. கம்பைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க," என்றார் செயலாளர்.

அன்றிலிருந்து மகள் கொடிவீரரின் மகள். தியாகி குடும்பங்களுக்கான குடியிருப்பில் ஒரு அறை கொடுத்தார்கள். பழைய வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். பள்ளியில் அவளுக்கு மேல்வகுப்பு கிடைத்தது. வெற்றி நாளன்று மேடையேற்றி அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தையல்காரரும் மனைவியும் மைதானத்தின் கோடியில் குடையைத் தழைத்துப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள். அவள் அந்தக் கையைப் பற்றி மட்டும் பேசினாள். காய்த்துப்போன கை என்றாள். தன்னைத் தோளில் தூக்கிய கை, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன கை என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைகளும் மச்சினர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நல்லா பேசுறா," என்றாள் மனைவி.

"கொடி பிடிச்சவன் கை எங்க காய்க்கப் போகுது," என்றார் தையல்காரர். அதற்குமேல் நிற்க முடியாமல் திரும்பி நடந்தார்கள்.

சில மாதம் கழித்து, வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கடை வாசலில் நிழல் விழுந்தது. மகள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், மீசை மழிக்க வந்த அதே இன்ஸ்பெக்டர்.

"மேல்சட்டை ஒண்ணு தைக்கணும்," என்றாள்.

தையல்காரர் எழுந்தார். "உள்ள வாங்கம்மா," என்றார்.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்று சிகரெட் பற்றவைத்தார். தையல்காரர் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்தார். தோளுக்குத் தோள் வைத்துப் பார்த்தார். கை தன்னால் நின்றது.

"இதுக்கு முன்னாடி எங்க தைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"வீட்டுலயே தைப்பாங்க."

"சாப்பாடெல்லாம் சரியா நடக்குதா?"

"நடக்குது." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களா?" என்றாள்.

"நல்லா இருக்காங்க. முட்டிதான் வலி. பேச ஆள் இல்லைன்னு ரேடியோவைப் போட்டு அதோட சண்டை போடுறாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அடுத்த வாரத்துல இருந்து எங்க குடியிருப்புக்குன்னு வாரியமே தையல் பிரிவு வைக்குதாம். வெளியில தைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

தையல்காரர் தலையாட்டினார். முதுகு நீளம் எடுத்தார். கழுத்துச் சுற்று எடுத்தார்.

"துணியைக் காட்டுங்கம்மா."

"கொண்டு வரலை."

"துணி இல்லாம எப்படித் தைக்கிறது?"

"தைக்க வேண்டாம்," என்றாள் மெதுவாக. "அளவு மட்டும் எடுங்க."

அவர் எடுத்தார். எடுத்ததையே மறுபடியும் எடுத்தார். இன்ஸ்பெக்டர் சிகரெட்டை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்யா?"

"கைச் சுற்று பாக்கி இருக்கு சார்," என்றார் தையல்காரர். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நாடாவைப் போட்டார். பழைய அளவுக்கு வளைத்த நாடா இரண்டு விரலுக்கு அதிகமாகவே இடம் விட்டது; இறுக்கி, முடிந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் போய்விட்டாள்.

அவர் அதற்குப் பிறகு மிஷினைத் தொடவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பஸ் நின்றது, ஏறவில்லை. மனைவி ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"எப்படி இருக்கா?"

"இளைச்சிருக்கா."

"எவ்வளவு?"

தையல்காரர் வலது கையை நீட்டினார். கடையிலிருந்து வழியெல்லாம் நாடாவில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே வந்திருந்தார். மனைவி அவர் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அதை வாங்கி, நாடாவை வளைத்து ஒரு கை நுழைகிற அளவுக்கு வட்டமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.